கழற்றலாம், அறுக்கலாகாது

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்று கைக்கு வந்தவுடன் அதை எவ்வாறு மாற்றியமைப்பது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. கஃபே ரேசர் ஆக்குவதா, பாபர் ஆக்குவதா, ஸ்க்ராம்ப்ளர் ஆக்குவதா என்று படங்களைப் புரட்டி ஒருவர் முடிவெடுக்கிறார். பட்டறைக்காரர் சேஸிஸின் மேல் சாக்கட்டியால் இரண்டு கோடுகள் இழுக்கிறார். மாலைக்குள் வண்டியின் பின்பகுதி அறுபட்டுத் தரையில் கிடக்கிறது. அறுபது ஆண்டு வெயிலும் மழையும், பல கைகள் மாறிய அலைச்சலும் செய்யாத கேட்டை அரைமணி நேரத்தில் ஒரு கிரைண்டர் செய்து முடிக்கிறது. இதற்குக் கலை என்று பெயர். ரசனை என்று பாராட்டு. இவ்வழக்கத்தை நாம் மறுக்கிறோம். மறுப்பின் காரணங்களையும் அதன் எல்லையையும் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

எல்லையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. மாற்றமே கூடாது என்பது நம் தரப்பன்று. பழைய வண்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கற்பூரம் காட்டுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கும் இக்கட்டுரையில் இடமுண்டு. நம் தரப்பு மிக எளியது. ஸ்பேனரால் செய்த மாற்றத்தை ஸ்பேனரால் மீட்கலாம். அதைத் தாராளமாகச் செய்க. கிரைண்டராலும் வெல்டிங்காலும் செய்த மாற்றத்தை மீட்க இயலாது. ஆலையிலிருந்து ஒன்றாக வெளிவந்த என்ஜினும் சேஸிஸும் இன்னும் ஒன்றாகவே இருக்கும் வண்டியில் அதைச் செய்யலாகாது.

இதற்கு எதிராக வைக்கப்படும் முதல் வாதம் மரபு பற்றியது. "பிரிட்டிஷ் வண்டியை வெட்டி ஒட்டுவதே பிரிட்டிஷ் மரபுதானே? 1960களின் லண்டன் இளைஞர்கள் செய்யாததையா நாங்கள் செய்துவிட்டோம்?" என்று கேட்கிறார்கள். வரலாற்றைச் சான்றுக்கு அழைப்பவர் அதை முழுவதும் பேசவிட வேண்டும்.

லண்டனின் நார்த் சர்க்குலர் சாலையில் 1938இல் ஏஸ் கஃபே என்ற உணவுவிடுதி தொடங்கப்பட்டது. 1950களிலும் 60களிலும் மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் கூடிய இடம் அது. 1969இல் மூடப்பட்டு 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது. மணிக்கு நூறு மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதே அவ்விளைஞர்களின் கனவு. அதற்காக அவர்கள் செய்தவை என்ன? ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார்கள், கால்மிதிகளைப் பின்னுக்குத் தள்ளினார்கள், கனமான மட்கார்டுகளைக் கழற்றினார்கள், சீட்டை மாற்றினார்கள், சைலன்சரை மாற்றினார்கள். இவற்றுள் பெரும்பாலானவை கடையில் வாங்கி போல்ட்டு போட்டு மாட்டியவை. பால் டன்ஸ்டால் போன்றோர் அத்தகைய பாகங்களை விற்றே பெயர் பெற்றார்கள். திங்கட்கிழமை காலை அதே வண்டியில் வேலைக்குப் போகவேண்டிய தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். தங்களிடம் இருந்த ஒரே வண்டியை அறுத்துப் போடும் வசதி அவர்களிற் பலருக்கு இருந்ததில்லை.

"ட்ரைட்டன் இருக்கிறதே" என்பார்கள் அடுத்து. ட்ரையம்ப் என்ஜினை நார்ட்டன் சேஸிஸில் பூட்டிய கலப்பினமே ட்ரைட்டன். அதன் பிறப்பை அறிந்தவர் அதை அறுப்புக்குச் சான்றாகக் காட்டமாட்டார். பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த மெக்காண்ட்லெஸ் சகோதரர்கள் வடிவமைத்த ஃபெதர்பெட் என்னும் சேஸிஸ் 1950இல் நார்ட்டன் பந்தய வண்டிகளுக்கு வந்தது. வளைவுகளில் அது நின்ற உறுதிக்கு நிகரில்லை. அதே காலத்தில் 500 சிசி என்ஜின் பொருத்திய சிறு பந்தயக் கார்கள் பிரிட்டனில் ஓடின. அக்கார்களுக்கு உகந்தது நார்ட்டன் மான்க்ஸின் என்ஜின். ஆனால் நார்ட்டன் நிறுவனம் என்ஜினைத் தனியே விற்கவில்லை. ஆகவே கார்ப் பந்தயக்காரர்கள் முழு வண்டியை வாங்கி, என்ஜினை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விற்றார்கள். என்ஜின் இல்லாத நல்ல சேஸிஸ் ஒருபுறம். வேகமான ஆனால் சேஸிஸ் அவ்வளவு உறுதியில்லாத ட்ரையம்ப் மறுபுறம். இரண்டும் சேர்ந்தன. டேவ் டீஜென்ஸும் ரெக்ஸ் புட்சரும் 1965இல் பார்சிலோனா 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது இத்தகைய ட்ரைட்டனில்தான்.

அநாதையாகக் கிடந்த உடலுக்கு உயிர் தந்த செயல் அது. இன்று நடப்பது என்ன? 1960களின் முழு ட்ரையம்ப் பான்வில் ஒன்றை வாங்கி, இயங்கிக்கொண்டிருக்கும் உடலை அறுத்து, பந்தயத்துக்கும் போகாமல், நூறு மைல் வேகத்தையும் தொடாமல், படம் எடுப்பதற்காக நிறுத்திவைக்கிறார்கள். முன்னோர் பற்றாக்குறையால் சேர்த்தார்கள். இவர்கள் மிகுதியால் பிரிக்கிறார்கள். இரண்டையும் ஒரே மரபு என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

அறுப்பில் வடிவக்கேடு மட்டுமே உள்ளது என்றும் எண்ண வேண்டா, உயிர்க்கேடும் உண்டு. பின்பக்க ஷாக் அப்சார்பர்களை நீக்கி, ஸ்விங் ஆர்மை ஒழித்து, விறைப்பான குழாய்களை வைத்து வெல்டிங் செய்யும் 'ஹார்ட்டெயில்' இன்று பரவலான ஆசை. அக்காலப் பிரிட்டிஷ் சேஸிஸ்களிற் பல, வார்ப்பு இரும்பு மூட்டுகளுக்குள் எஃகுக் குழாய்களைச் செருகிப் பித்தளையை உருக்கிப் பற்றவைத்த அமைப்புடையவை. அந்த மூட்டின்மேல் சாதாரண ஆர்க் வெல்டிங் வைத்தால் அவ்விடம் நொறுங்கும் தன்மை பெறக்கூடும். வெளியே பட்டி பூசிப் பெயின்ட் அடித்தபின் அந்தப் பலவீனம் எவர் கண்ணுக்கும் தெரியாது. மேடு பள்ளமான சாலையில் ஒருநாள் அது தன்னைத் தெரிவித்துக்கொள்ளும். சக்கரத்தின் நிலை, சங்கிலியின் நேர்கோடு, வண்டியின் எடைப்பகிர்வு ஆகிய அனைத்தையும் ஆலையில் கணக்கிட்டுச் செய்தார்கள். சாக்கட்டிக் கோட்டுக்கு அக்கணக்கு தெரியாது.

இரண்டாம் வாதம் சற்றுக் கூர்மையானது. "மூலம் என்று ஒன்று உண்டா? ஆலையே ஆண்டுதோறும் வண்டியை மாற்றியதே!" என்பது அது. உண்மைதான். பான்வில் 1959ஆம் ஆண்டு மாடலாக வந்தபோது என்ஜினும் கியர்பெட்டியும் தனித்தனியே இருந்தன. 1963 மாடலில் இரண்டும் ஒரே உறைக்குள் வந்தன. 1971 மாடலில் சேஸிஸின் குழாயே ஆயில் தொட்டியாயிற்று. ஆனால் ஆலை செய்த மாற்றம் ஆவணத்தில் இருக்கிறது. இன்ன எண்ணுள்ள வண்டி இன்ன ஆண்டு வெளியேறியது என்பதைப் பழைய பதிவேடுகளைக் கொண்டு இன்றும் கண்டறியலாம். பிரிட்டனில் 1946இல் தொடங்கப்பட்ட வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் அத்தகைய பதிவேடுகள் பலவற்றைக் காத்துவருகிறது. பட்டறையில் நிகழும் அறுப்புக்குப் பதிவேடு ஏது?

தமிழ் பயின்றவர்களுக்கு இது புதிய சிக்கலன்று. ஏடு பெயர்த்தெழுதியவர்கள் தத்தம் விருப்பத்துக்குச் சொல்லை மாற்றினார்கள்; செய்யுளைச் செருகினார்கள்; புரியாத இடத்தைத் தமக்குப் புரிந்தவாறு திருத்தினார்கள். அதனால் பிற்காலத்தார் பட்ட பாட்டை நாம் அறிவோம். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் நமக்குக் கற்றுத்தந்த நெறி ஒன்றுண்டு. பிரதிகள் வேறுபடும் இடத்தில் ஒன்றை ஏற்றாலும் மற்றதை அழிப்பதில்லை, பாடபேதமாகக் குறித்துவைப்பது. பதிப்பாசிரியன் முடிவெடுக்கிறான்; ஆனால் அடுத்து வருபவன் அம்முடிவை மறுக்கும் வாய்ப்பை அவன் பறிப்பதில்லை. ஸ்பேனரால் செய்யும் மாற்றம் பாடபேதம். கழற்றிய பாகத்தைப் பெட்டியில் வைத்துச் சீட்டெழுதி ஒட்டுவது அடிக்குறிப்பு. கிரைண்டரால் செய்வது ஏட்டைக் கிழித்து அடுப்பில் இடுவது.

இனி எதிர்முனையில் நிற்போர். இவர்கள் போல்ட்டின் தலையில் உள்ள எழுத்தைக்கூட ஆராய்வார்கள். வண்டியை மட்டும் ஓட்டமாட்டார்கள். ஆயில் சுழலாத என்ஜினுக்குள் துரு ஏறுகிறது. ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கின்றன. டேங்கின் அடியில் பெட்ரோல் பிசினாகிறது. இவர்களில் வேறொரு சாரார் வண்டியை உரித்து, ஆலை ஒருநாளும் பூசாத அளவுக்குக் குரோமியமும் பளபளப்பும் பூசி, 'புத்தம் புதிதாக்கிவிட்டோம்' என்கிறார்கள். ஆலையில் அடித்த பெயின்ட் ஒருமுறைதான் வரும். அதில் முழங்கால் உரசி மங்கிய இடம் அந்த வண்டியின் வாழ்க்கைக் குறிப்பு. அதை உரித்தெடுத்துவிட்டுப் பழமையைக் காத்ததாகச் சொல்வதும் ஒருவகை அறுப்பே. ஓடுவதற்காகப் பிறந்த பொருளை ஓடவிடாமல் செய்வதும் அதன் மூலத்துக்கு மாறானதே.

ஆகவே எதை மாற்றலாம்? இன்றைய சாலைக்கு வேண்டியவற்றை மாற்றத்தான் வேண்டும். 6 வோல்ட் மின்னமைப்பின் மங்கல் வெளிச்சத்தில் இரவில் ஓட்டுவது வீரமன்று. 12 வோல்ட்டுக்கு மாறலாம். லூக்காஸ் மின்சாதனங்களைக் கேலிசெய்து 'இருளின் இளவரசர்' என்று பிரிட்டிஷாரே பட்டம் சூட்டியிருக்கிறார்கள். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம். பழைய பாயிண்டுத் தட்டைப் பொதிந்து வைத்துக்கொண்டால் ஒரு பகலில் பழைய நிலைக்கு மீளலாம். அக்கால வண்டிகளிற் பல பேட்டரியின் நேர்முனையைச் சேஸிஸோடு இணைத்தவை என்பதை மறந்து புதிய சாதனத்தை மாட்டினால் அது புகைந்துவிடும். அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

பழைய ட்ரையம்ப் இரட்டைச் சிலிண்டர் என்ஜினில் ஆயிலை வடிகட்டக் கம்பிவலை மட்டுமே உண்டு. நுண்ணிய அழுக்கு கிராங்க் ஷாஃப்டுக்குள் உள்ள குழியில் ஆண்டுக்கணக்கில் படிந்து ஒருநாள் ஆயில் வழியையே அடைக்கும். ஆயில் திரும்பிவரும் குழாயில் தனி ஃபில்டர் ஒன்றை இணைத்தால் என்ஜின் நீடு வாழும், வேண்டாதபோது கழற்றலாம். பழைய முன்பிரேக் இன்றைய போக்குவரத்துக்குப் போதாது; அதே ஆலை 1968 மாடலில் தந்த இரட்டை ஷூ பிரேக்கை அதற்குரிய போர்க்கோடும் சக்கரத்தோடும் மொத்தமாக மாட்டலாம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் ரப்பர் குழாய்களைப் போடலாம், போடவும் வேண்டும். ஹேண்டில்பார், சீட், கால்மிதி, சைலன்சர், விளக்கு ஆகியவற்றில் உங்கள் ரசனை முழுவதையும் காட்டலாம். கஃபே ரேசரின் தோற்றம் முழுவதும் இவற்றுக்குள்ளேயே அடங்கும். ஓர் அங்குலம்கூட அறுக்க வேண்டியதில்லை.

கழற்றுவதற்கும் முறை உண்டு. அக்கால வண்டிகளின் மரைகள் பெரும்பாலும் விட்வொர்த், சைக்கிள் மரை போன்ற பிரிட்டிஷ் அளவுகளில் அமைந்தவை. அவற்றுக்குரிய ஸ்பேனர் வேறு. மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்து நட்டின் முனைகளை மழுக்குவதும், பொருந்தாத மரைக்குள் புது போல்ட்டை முறுக்கி ஏற்றுவதும் சிறிய அளவிலான அறுப்புகளே. நூறு ஸ்பேனர் தவறுகள் சேர்ந்தால் ஒரு கிரைண்டருக்குச் சமம்.

இவை அனைத்தும் இங்கிலாந்துக் கதை, நமக்கென்ன என்று கேட்பாரும் உளர். இக்கதையின் ஒரு கிளை சென்னையில் தழைத்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. 350 சிசி புல்லட் முதலில் அங்கிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டது. பின்னர் திருவொற்றியூரிலேயே முழுமையாகச் செய்யப்பட்டது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது; 1970இல் பிரிட்டனில் உற்பத்தியே நின்றது. தாய் மறைந்தபின்னும் திருவொற்றியூரில் பிள்ளை ஓடிக்கொண்டிருந்தது. தொடக்க ஆண்டுகளின் புல்லட் ஒன்றை அறுப்பவர், இரண்டு ஊர்களின் தொழில்வரலாறு சந்தித்த ஓர் ஏட்டை அறுக்கிறார்.

நம் நண்பர் வட்டத்தில் ஒருவருக்குப் பெரியப்பா வழியாக அத்தகைய புல்லட் ஒன்று வந்தது. ஒரு பட்டறையில் பின்பகுதியை அறுத்துப் பாபர் ஆக்கித் தருவதாகச் செலவுக்கணக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூலப் பாகங்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, எடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். "அண்ணே, இதையெல்லாம் யார் பார்க்கப் போறாங்க?" என்பது அவர்கள் வாதம். நாம் கூடிப் பேசி வேறு முடிவெடுத்தோம். தாழ்ந்த ஹேண்டில்பாரும் ஒற்றைச் சீட்டும், ஏற்கெனவே இருந்த போல்ட்டுத் துளைகளிலேயே பொருந்துமாறு செய்யப்பட்டன, மின்னமைப்பு 12 வோல்ட் ஆயிற்று, பெயின்டில் கைவைக்கவில்லை. பழைய ஹேண்டில்பாரும் சீட்டும் மட்கார்டும் எண்ணெய் தடவிச் சாக்கில் பொதியப்பட்டு, எந்த நாளில் எது கழற்றப்பட்டது என்ற குறிப்போடு பரணில் இருக்கின்றன. நண்பருடைய மகளுக்குப் பெரிய தாத்தாவின் வண்டி வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

சட்டத்தின் பக்கமும் ஒரு சொல். உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்று உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், மூல வடிவில் பேணப்பட்டதும், சேஸிஸ், என்ஜின் போன்றவற்றில் பெருமாற்றம் செய்யப்படாததுமான வண்டியே வின்டேஜ் வாகனம் என்ற பதிவைப் பெறும். எண்பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் பெறுவதற்குப் புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டுக்குப் பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அறுத்த வண்டிக்கு எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அத்தகுதி திரும்பி வராது. ரசனையின் மொழி புரியாதவர்களுக்குப் பணத்தின் மொழியாவது புரியட்டும் என்றே இதைச் சொல்கிறோம்.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு வாதம், அதுவே உரத்த குரலில் ஒலிப்பது: "என் வண்டி, என் காசு, என் உரிமை." உரிமையை நாம் மறுக்கவில்லை. பரம்பரை வீட்டின் தேக்குத் தூணை அறுத்து விறகாக்கவும் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. உரிமை இருக்கிறது என்பது ஒரு செயலைச் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணமாகாது. உங்களுக்கு முன் நான்கு பேர் அவ்வண்டியை வைத்திருந்தார்கள், அவர்களும் உரிமையாளர்களே. அவர்கள் அறுக்காமல் விட்டதனால்தான் உங்கள் கைக்கு அறுக்கக்கூடிய வண்டி ஒன்று கிடைத்தது. மெரிடனில் இனி ஒரு பான்வில் பிறக்கப்போவதில்லை. அவ்வாலை 1983இல் மூடப்பட்டது. இருப்பவற்றின் எண்ணிக்கை குறையத்தான் முடியும்.

அறுத்துப் பார்க்கும் ஆசை அடங்கவில்லையா? அதற்கும் வழியுண்டு. அதே பெயரில் 2001இல் ட்ரையம்ப் புதிய பான்விலைக் கொண்டுவந்தது. ராயல் என்ஃபீல்டு 2018இல் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகளைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கில் வெளிவருபவை அவை. சட்டம் அனுமதிக்கும் அளவில் உங்கள் கைவண்ணத்தை அங்கே காட்டுங்கள், நாம் கைதட்டுவோம். சேஸிஸ் எண் வேறு, என்ஜின் எண் வேறு என்று ஏற்கெனவே சிதைந்து, பாதி பாகங்கள் தொலைந்த எலும்புக்கூடு ஒன்று கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு உயிர் தருவதே உண்மையான ட்ரைட்டன் மரபு.

ஆகவே முடிவெடுக்குமுன் மூன்று கேள்விகள். இந்த வண்டியின் என்ஜினும் சேஸிஸும் ஒன்றாகப் பிறந்தவையா? நாம் செய்யப்போகும் மாற்றத்தை ஒருவர் ஸ்பேனர்களை மட்டும் கொண்டு ஓரிரு நாளில் நீக்க முடியுமா? கழற்றியவற்றை வைக்க இடமும், எழுதிவைக்க ஒரு நோட்டுப்புத்தகமும் நம்மிடம் உண்டா? முதற் கேள்விக்கு 'ஆம்' என்றும் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் விடை வந்தால் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மற்ற விடைகளுக்கெல்லாம் வழி திறந்தே இருக்கிறது.

நம் கருத்தை மறுப்போர் தாராளமாக மறுக்கட்டும். வாதத்தில் தோற்றால் மாற்றிக்கொள்ள நாம் அணியம். ஒரே ஒரு வேண்டுகோள்: விவாதம் முடியும்வரை சேஸிஸை அறுக்காமல் இருங்கள். நம் கருத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.